அயர்லாந்து கிராமத்து சாப்பாடு: வித்தது போக வீட்ல மிஞ்சினது

ஐரிஷ்காரங்க சாப்பாடுன்னு யாராவது பேச்செடுத்தா உடனே ரெண்டு விஷயம் வந்து நிக்கும், ஒண்ணு உருளைக்கிழங்கு, இன்னொண்ணு கார்ன்டு பீஃபும் (உப்பு மாட்டுக்கறி) முட்டைகோஸும், அதுக்கு மேல யாரும் போறதில்ல. "பாவம், வேகவச்சு உப்பு போட்டு தின்னுட்டு இருந்தாங்க, சமைக்கவே தெரியாது"ன்னு ஒரே வரியில முடிச்சுடுறாங்க. எனக்கு இது ரொம்ப நாளா உறுத்திட்டே இருக்கு, ஏன்னா அந்த ஊர் கிராமத்து அடுப்படிக்குன்னு ஒரு தெளிவான கணக்கு இருக்கு, அது புரிஞ்சுட்டா ஒவ்வொரு பதார்த்தமும் ஏன் அப்படி இருக்குன்னு தானா விளங்கிடும்.

கணக்கு இதான். ஒரு குத்தகை விவசாயி வீட்ல என்ன விளைஞ்சுது, அதுல எது சந்தைக்கு போச்சு, எது வீட்ல தங்குச்சு. சந்தைக்கு போனது வெண்ணெய், பன்னி, ஓட்ஸ், முட்டை. வீட்ல தங்குனது மோர், உருளைக்கிழங்கு, முட்டைகோஸ், அப்புறம் பன்னியோட குடலும் காலும். இன்னிக்கு பாரம்பரிய ஐரிஷ் சமையல்னு பெருமையா சொல்றதுல முக்கால்வாசி இந்த ரெண்டாவது வரிசையில இருந்து வந்ததுதான்.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன். தெற்க இருந்த மன்ஸ்டர் பக்கத்து பெரிய பால்பண்ணை வீடும் மேற்க கனாக்ட் பக்கத்து கூலிக்காரர் குடிசையும் ஒரே மாதிரி சாப்பிட்டதே இல்ல. நான் இங்க பேசுறது பெரும்பாலும் சின்ன குத்தகைக்காரங்க வீட்டைப் பத்தி, காலம் பாத்தா 1700களோட கடைசியில இருந்து கிராமத்துக்கு கரண்ட் வந்த 1950கள் வரைக்கும்.

கிழங்குக்கு முன்னாடி என்ன இருந்துச்சு

உருளைக்கிழங்கு அந்த மண்ணோட பயிரே கிடையாது. தென் அமெரிக்காவோட ஆண்டிஸ் மலையில பொறந்தது, அயர்லாந்துக்கு 1500களோட கடைசியிலதான் வந்து சேர்ந்துச்சு. அப்ப அதுக்கு முன்னாடி ஆயிரக்கணக்கான வருஷம் என்ன சாப்பிட்டாங்க?

பால். அந்த ஊர்ல மழை ஜாஸ்தி, வெயில் கம்மி, ஆனா அட்லாண்டிக் பக்கம் இருந்து வர்ற கதகதப்பால குளிர் ரொம்ப கொடூரமா இருக்காது, அதனால வருஷத்துல பெரும்பாலான மாசம் புல்லு வளந்துட்டே இருக்கும். கோதுமை நல்லா முத்தி காயுறதுக்கு வெயில் பத்தாது, ஓட்ஸும் பார்லியும் ஒரு மாதிரி தேறும். புல்லு மட்டும் செழிப்பா வர்ற ஊர்ல மனுஷன் மாடுதானே வளப்பான். பழைய ஐரிஷ் சட்டங்கள்ல அபராதத்தக் கூட கறவை மாட்டு கணக்குலதான் சொல்லியிருக்காங்க, மாடுங்கிறதே காசு மாதிரி.

அந்த காலத்துல பால், தயிர், வெண்ணெய், சீஸ் எல்லாத்துக்கும் சேத்து "பான்வியா"ன்னு ஒரு பேரு, வெள்ளை உணவுன்னு அர்த்தம். வெயில் காலத்துல மாடுகள மேல மலைப்பக்கம் ஓட்டிட்டுப் போய், பொண்ணுங்களும் பசங்களும் அங்கயே சின்ன குடிசை போட்டு தங்கி, பால் கறந்து வெண்ணெய் எடுப்பாங்க, இதுக்கு பூலின்னு பேரு. அப்ப முழுக்க வெள்ளை சாப்பாடு. குளிர் காலத்துல பால் வத்திடும், அப்ப ஓட்ஸ் கஞ்சியும் உப்புக்கறியும்.

வெண்ணெய் மேல இந்த ஜனங்களுக்கு எவ்வளவு பிடிப்புன்னு தெரியணும்னா, சதுப்பு நிலத்துல எரிக்கிறதுக்கு மண்கட்டி வெட்டுறவங்களுக்கு அப்பப்ப மரப்பாத்திரத்தோட வெண்ணெய்க்கட்டி கிடைக்கும், அதுல சிலது 3000 வருஷத்துக்கும் பழசு. அந்த சேறு குளிர்ச்சியா, புளிப்பா, காத்து புகாம இருக்கும், அதனால கெட்டு மக்கிப் போகாம மெழுகு மாதிரி இறுகி நிக்குது. ஃப்ரிட்ஜ் மாதிரி பத்திரப்படுத்தினாங்களா, இல்ல சாமிக்கு காணிக்கையா புதைச்சாங்களான்னு ஆராய்ச்சி பண்றவங்களுக்குள்ள இன்னும் வாதம் ஓடுது. டப்ளின் நேஷனல் மியூசியத்துல இதெல்லாம் வச்சிருக்காங்க.

வெண்ணெய் சந்தைக்கு, மோர் வீட்டுக்கு

இப்ப மெயின் விஷயத்துக்கு வருவோம். தயிர் கடையறத பாத்தவங்களுக்கு இது சுலபமா புரியும். பால்ல இருக்குற கொழுப்பு கண்ணுக்கு தெரியாத குட்டி குட்டி உருண்டையா மிதக்குது, ஒவ்வொண்ண சுத்தியும் மெல்லிசா ஒரு தோல் இருக்கு, அந்த தோல் இருக்குற வரைக்கும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. மத்து போட்டு அடிக்க அடிக்க தோல் கிழிஞ்சு கொழுப்பெல்லாம் ஒண்ணா சேந்து வெண்ணெயா திரளும், மிச்சம் தண்ணியா நிக்கிறது மோர். ஐரிஷ் வீட்ல மத்துக்கு பதிலா உயரமான மரத்தாழி, அதுல மேலயும் கீழயும் குத்துற ஒரு நீளக் கட்டை, அவ்வளவுதான் வித்தியாசம். அவங்களும் ஒண்ணு ரெண்டு நாள் வச்சு புளிக்க விட்ட பாலைத்தான், இல்லன்னா மேல படிஞ்ச ஆடையத்தான் கடைவாங்க.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, வெண்ணெயா வெளிய வர்றது கொழுப்பு மட்டும்தான். பால்ல இருந்த புரதம், கால்சியம் எல்லாம் பெரும்பாலும் மோர்லயே தங்கிடும். வெண்ணெய உப்பு போட்டு மரப்பீப்பாயில அடைச்சு வண்டி ஏத்தி அனுப்பிடுவாங்க, அதுல வர்ற காசு நிலத்துக்காரருக்கு குத்தகையா போயிடும். அப்படிப் போன வெண்ணெய்க்கு பெரிய சந்தை கார்க் நகரத்துல இருந்துச்சு, 1770 வாக்குல ஆரம்பிச்சு 19ம் நூற்றாண்டுல உலகத்துலயே பெரிய வெண்ணெய் சந்தையா ஆச்சு, அங்க தரம் பாத்து முத்திரை குத்தி கரீபியன் தீவு வரைக்கும் கப்பல்ல அனுப்பினாங்க. அந்த சந்தைக்கு வெண்ணெய் வண்டி போன பாதைகளுக்கு இன்னிக்கும் பட்டர் ரோடுன்னுதான் பேரு. செஞ்ச வீட்ல புள்ளைங்க குடிச்சது மோர்.

கடையிறதுக்குன்னு இருந்த வழக்கம்லாம் இந்த கணக்க வச்சு பாத்தா மூடநம்பிக்கையா மட்டும் தெரியாது. வீட்ல வெண்ணெய் கடைஞ்சுட்டு இருக்கும்போது யாராவது உள்ள வந்தா, "கடவுள் இந்த வேலைய ஆசீர்வதிக்கட்டும்"னு சொல்லிட்டு கட்டையப் பிடிச்சு நாலு குத்து குத்திட்டுத்தான் உக்காரணும். குத்தாம போனா அந்த ஆள் வெண்ணெயோட அதிர்ஷ்டத்த கூடவே எடுத்துட்டுப் போறான்னு பயம். மே மாசம் முதல் தேதி இன்னும் ஜாக்கிரதையா இருப்பாங்க, அன்னிக்கு வீட்ட விட்டு பாலும் கொடுக்க மாட்டாங்க, அடுப்பு நெருப்பும் கொடுக்க மாட்டாங்க, உப்பு கூட கொடுக்க மாட்டாங்க, கொடுத்தா வருஷம் முழுக்க வெண்ணெய் திரளாதுன்னு நம்பிக்கை. வெண்ணெய் திரளும்போது தாழி உடைஞ்ச கதைன்னு நாம சும்மா சொல்லிட்டுப் போறோம், அவங்களுக்கு வெண்ணெய் திரளலைன்னா குத்தகை பாக்கி, குத்தகை பாக்கின்னா வீட்ட விட்டு துரத்திடுவாங்க, அந்த பயம்தான் இதெல்லாம்.

சுருக்கமா சொன்னா, அயர்லாந்து சாப்பாட்டோட அடித்தளம் பால், அதுல கொழுப்பு காசா மாறி வெளிய போச்சு, மோர் வீட்ல நின்னுச்சு. இந்த மோர மறந்துடாதீங்க, கிழங்குக்கும் ரொட்டிக்கும் இதுதான் சாவி.

உருளைக்கிழங்கு ஏன் ஜெயிச்சுது

ஜனத்தொகை ஏற ஏற, நல்ல நிலமெல்லாம் மாட்டுக்கும் தானியத்துக்கும் போக, ஏழைங்களுக்கு கிடைச்சது துண்டு நிலம். மலைச்சரிவு, சேத்து நிலம், கல்லு நிலம். அந்த மாதிரி எடத்துலயும் மண்வெட்டியால மேடு கட்டி, கடல்பாசியோ சாணியோ போட்டு கிழங்கு ஊனினா விளையும். ஒரு ஏக்கர் கிழங்கு ஒரு குடும்பத்துக்கு வருஷத்துல பெரும்பாலான மாசத்துக்கு காணும், அதே நிலத்துல ஓட்ஸ் போட்டா அவ்வளவு வயிறு நிரம்பாது.

அது போக உடம்புக்கு ஒத்துப்போற விஷயமும் இருக்கு. சோறும் பருப்பும் சேத்து சாப்பிட்டா ஒண்ணுல இல்லாதத இன்னொண்ணு ஈடுகட்டும்ல, அதே மாதிரி கிழங்குல மாவுச்சத்தும் வைட்டமின் சியும், மோர்ல புரதமும் கால்சியமும். ரெண்டும் சேந்தா கிட்டத்தட்ட முழுச் சாப்பாடு. 1840கள்ல சுமார் 30 லட்சம் பேர் ஏறக்குறைய இத நம்பியே இருந்தாங்க, உழைக்கிற ஆம்பள ஒரு நாளைக்கு 5 கிலோ கிழங்கு கூட சாப்பிடுவாரு. கேக்க மலைப்பாதான் இருக்கும், ஆனா வேற எண்ணெய், வேற தானியம், வேற எதுவுமே இல்லாத சாப்பாட்ல நாள் முழுக்க மண்வெட்டி பிடிக்கிற சக்தி இதுல இருந்துதான் வரணும்.

சாப்பிட்ட விதம் இன்னும் அழகு. அடுப்புல டர்ஃப் எரியும், அதாவது சதுப்பு நிலத்துல வெட்டி காயவச்ச மண்கட்டி. அதுமேல தொங்குற இரும்புப் பானையில தோலோட கிழங்க வேகவச்சு, ஸ்கிப்னு சொல்ற தட்டையான மூங்கில் முறம் மாதிரி ஒரு பிரம்புக்கூடையில கொட்டி தண்ணிய வடிப்பாங்க, அந்தக் கூடையவே பானை மேல வச்சா அதான் டைனிங் டேபிள். சுத்தி எல்லாரும் உக்காந்து கையாலதான் சாப்பிடுவாங்க, கட்டைவிரல் நகத்த கொஞ்சம் நீளமா விட்டு அதாலயே தோல உரிப்பாங்க. பக்கத்துல உப்பு, ஒரு குவளை மோர். வசதி இருந்தா நடுவுல உப்பு ஹெர்ரிங் ஒண்ணு, அது நம்ம மத்தி குடும்பத்து மீனு, அதுவும் பெரும்பாலும் தொட்டுக்கத்தான். அதுவும் இல்லாத வீட்ல உத்தரத்துல தொங்குற கறித்துண்ட கிழங்கால சுட்டிக் காட்டிட்டு சாப்பிடுவாங்கன்னு ஒரு சொலவடை உண்டு. உரிச்ச தோல் பன்னிக்கு. கடினமான வேலை இருக்குற நாள்ல நடுவுல லேசா வேகாம விட்டு இறக்குவாங்க, வெட்டிப் பாத்தா உள்ள வட்டமா தெரியும், அதுக்கு நிலான்னு பேரு, அது சீக்கிரம் செரிக்காது, பசி தாங்கும்னு கணக்கு.

கையால சாப்பிட்டாங்கன்னு சொன்னதும் அத காட்டுமிராண்டித்தனம்னு அப்ப வந்த பயணிங்க சில பேர் எழுதியிருக்காங்க. கையால சாப்பிடுற நமக்கு அதுல ஒரு குறையும் தெரியப்போறதில்ல.

கிழங்குக்கு ஒரு பெரிய குறை இருந்துச்சு, அது ஒரு வருஷத்துக்கு மேல தாங்காது. பழைய கிழங்கு தீர்ந்து புதுக் கிழங்கு வர்றதுக்கு நடுவுல ஜூன் ஜூலையில ஒரு பள்ளம் விழும். ஜூலை மாசத்துக்கு பசி ஜூலைன்னே பேரு, முட்டைகோஸ் ஜூலைன்னும் சொல்வாங்க, அப்ப முட்டைகோஸ், காட்டுக் கீரை, கடன்ல வாங்கின ஓட்ஸ் மாவு இதுதான். ஜூலை கடைசி ஞாயித்துக்கிழமை புதுக் கிழங்கு தோண்டுற நாள், அதுக்கு முன்னாடி தோண்டுற வீட்ட சிக்கனம் தெரியாத வீடுன்னு ஊரே பேசும். அன்னிக்கு குடும்பமே உக்காந்து புதுக் கிழங்கும் வெண்ணெயும் சாப்பிடும், இளவட்டங்க மலைமேல போய் காட்டு பெர்ரி பறிச்சுட்டு வருவாங்க.

பஞ்சத்துல நடந்தது என்ன

1840கள்ல அயர்லாந்துல வந்த பெரும்பஞ்சத்தப் பத்தி "கிழங்கு அழுகிடுச்சு, அதனால செத்தாங்க"ன்னு சொல்றது பாதிதான். 1845ல ஒரு இலைக்கருகல் நோய் வந்துச்சு. உருளைய விதை போட்டு வளக்கறதில்ல, கிழங்கையே வெட்டி நடுறோம், அதனால ஒரு வகையில எல்லா செடியும் அச்சு அசலா ஒரே செடிதான். ஏழைங்க பெரும்பாலும் நட்டது லம்பர்னு ஒரே வகை, விளைச்சல் நல்லா இருக்கும், நோய் தாங்காது. ஒரு செடி விழுந்தா எல்லாம் விழும். 1846ல கிட்டத்தட்ட மொத்த விளைச்சலும் போச்சு.

இப்ப நம்ம கணக்க திருப்பிப் போட்டுப் பாருங்க. வீட்ல தங்குற சரக்குதான் அழுகிச்சு. சந்தைக்குப் போற சரக்கு நல்லாத்தான் இருந்துச்சு, வெண்ணெயும் மாடும் ஓட்ஸும் பஞ்ச வருஷங்கள்லயும் கப்பல் ஏறிச்சு, ஏன்னா அத நிறுத்தி வீட்ல தின்னுட்டா குத்தகை கட்ட முடியாது. இதுல இன்னொரு பக்கமும் இருக்கு, அத மறைக்கக் கூடாது, 1847ல வெளிய போன தானியத்த விட உள்ள வந்த மக்காச்சோளம் ஜாஸ்தி. ஆனா வாங்குறதுக்கு ஜனங்க கையில காசு இல்ல. தோலும் பொடிக்கிழங்கும் இல்லாம பன்னியும் போச்சு, பன்னி போனதும் குத்தகை போச்சு. சுமார் 10 லட்சம் பேர் செத்தாங்க, 10 லட்சத்துக்கும் மேல நாட்ட விட்டு கிளம்பினாங்க, 1841ல 81 லட்சத்துக்கு மேல இருந்த ஜனத்தொகை 1851ல 65 லட்சம் வாக்குல வந்து நின்னுச்சு.

கஞ்சித்தொட்டி வச்சவங்கள்ல சில மதக்குழுக்கள் மதம் மாறுனாதான் சூப்புன்னு சொன்னதா ஒரு கசப்பு ரொம்ப காலம் இருந்துச்சு, நல்ல மனசோட கஞ்சி ஊத்துன குழுக்களும் நிறைய உண்டு. ஆனா "அவங்க குடும்பம் சூப் வாங்கிக் குடிச்ச குடும்பம்"ங்கிறது இன்னிக்கும் அந்த ஊர்ல ஒரு வசவு.

சோடா ரொட்டி: மோரோட ரெண்டாவது வேலை

ஐரிஷ் சோடா ரொட்டிய ஆதிகாலத்து ரொட்டின்னு விக்கிறாங்க, அது சரியில்ல. சமையல் சோடா அந்த கிராமங்களுக்கு வந்ததே 1830, 40கள்லதான், வீட்டுக்கு வீடு பரவுனது அதுக்கு அப்புறம். அதுக்கு முன்னாடி கல்லுல சுட்ட ஓட்ஸ் ரொட்டிதான் பழசு.

ஈஸ்ட் போட்ட ரொட்டி ஏன் அங்க ஒட்டலைன்னு பரோட்டாவ வச்சு சொல்றேன். பரோட்டா மாவ அடிச்சு அடிச்சு பிசையறோம், அப்ப ரப்பர் மாதிரி இழுபடும், அந்த இழுவைக்கு காரணம் கோதுமையில இருக்குற குளூட்டன்கிற புரதம். ஈஸ்ட் ரொட்டிக்கும் இந்த இழுவை வேணும், ஈஸ்ட் மெதுவா விடுற காத்த மணிக்கணக்கா பிடிச்சு வைக்கிற பை மாதிரி அது. மழையில வளர்ற ஐரிஷ் கோதுமை மென்மையான வகை, குளூட்டன் கம்மி, பை பலவீனம், காத்து ஓடிடும். போதாததுக்கு பெரும்பாலான வீட்ல ரொட்டி சுடுற அடுப்பும் கிடையாது.

சோடா என்ன பண்ணுதுன்னா, மோர்ல இருக்குற லாக்டிக் ஆசிட், அதாவது புளிப்பு, அதோட சேந்த உடனே நுரைச்சு கார்பன் டை ஆக்சைடு காத்த விடும். மணிக்கணக்கு வேண்டாம், பை பலமா இருக்கவும் வேண்டாம், காத்து வந்த வேகத்துல சூட்டுல வச்சு மாவ இறுக வச்சுட்டா போதும். அதனாலதான் இந்த ரொட்டியில விதிகள் தலைகீழ்: பிசையக் கூடாது, ஊற வைக்கக் கூடாது, மாவு உப்பு சோடா மோர் நாலையும் கையாலயே லேசா சேத்து உருட்டி உடனே அடுப்புக்குப் போகணும். நான் வீட்ல செஞ்சப்போ சப்பாத்திக்குப் பிசையற பழக்கத்துல முதல் தடவ நல்லா அழுத்திப் பிசைஞ்சுட்டேன், கல்லு மாதிரி வந்துச்சு. சோடா ஒரு சிட்டிகை கூடினாலும் மஞ்சளாகி சோப்பு வாடை அடிக்கும், பஜ்ஜியில சோடா தூக்கலா போனா வருமே அதே வாடை.

சுட்டது பாஸ்டிபிள்னு சொல்ற மூணு கால் இரும்புப் பானையில, மூடிக்கு மேலயும் கங்கு அள்ளிப் போட்டா மேலயும் கீழயும் சூடு, தம் பிரியாணிக்கு நெருப்பு வைக்கிற அதே உத்தி. மேல சிலுவை மாதிரி கீறுறது ஆசீர்வாதம்னும் சொல்வாங்க, உள்ள இருக்குற தேவதைகள வெளிய விடன்னும் சொல்வாங்க, ரெண்டுக்கும் நடுவுல நிஜமான வேலை என்னன்னா நடுப்பகுதிக்கு சூடு போகும், நாலா உடைக்க சுலபம். வடக்க அல்ஸ்டர் பக்கம் தட்டைக் கல்லுல நாலு துண்டா சுடுவாங்க, ஃபார்ல்னு பேரு. முட்டை, சர்க்கரை, திராட்சை எல்லாம் விசேஷத்துக்கு மட்டும்.

ஆக, கிழங்கோட துணையா இருந்த அதே மோர்தான் இங்க ஈஸ்ட்டோட வேலைய செய்யுது. சந்தைக்குப் போகாம மிஞ்சினதுல இருந்து வந்த ரொட்டி இது.

பன்னி, அப்புறம் அந்த கார்ன்டு பீஃப் விவகாரம்

பன்னிய "குத்தகை கட்டுற கனவான்"னு சொல்வாங்க, கிழங்குத் தோல தின்னு வளந்து காசா போயிடும். கொஞ்சம் தேறின வீட்ல ஒண்ண வீட்டுக்குன்னு வெட்டுவாங்க, ஆங்கிலத்துல பேர்ல 'ஆர்' எழுத்து வர்ற மாசத்துல மட்டும், செப்டம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும், அதாவது குளிர் மாசம், கறி கெடாது. பெரிய துண்டெல்லாம் பீப்பாயில உப்புல ஊறும், அப்புறம் உத்தரத்துல தொங்கும். ரத்தத்துல ஓட்ஸ் கலந்து குடல்ல அடைச்சா கறுப்பு புட்டிங், காலுக்கு க்ரூபீன்னு பேரு.

உப்புல போட முடியாத பச்சைக்கறி, புட்டிங் எல்லாத்தையும் அன்னிக்கே அக்கம்பக்கத்து வீடுகளுக்கு கொடுத்து அனுப்புவாங்க. அவங்க வீட்ல வெட்டும்போது நமக்கு வரும். ஊருக்குள்ள ஒரே நாள்ல ரெண்டு வீடு வெட்டாம முறை வச்சு வெட்டினா குளிர்காலம் பூரா பச்சைக்கறி கிடைச்சுட்டே இருக்கும். பக்கத்து வீட்டு வயிறுதான் ஃப்ரிட்ஜ். இத வெறும் தாராள மனசுன்னு எழுதறவங்க இதோட புத்திசாலித்தனத்த கவனிக்கல.

கார்ன்டு பீஃப்ங்கிறது உப்பு நீர்ல ஊறப்போட்ட மாட்டுக்கறி. 1660கள்ல உயிர் மாட்ட இங்கிலாந்துக்கு அனுப்பக் கூடாதுன்னு சட்டம் வந்ததும் கார்க்ல உப்பு மாட்டுக்கறி பெரிய ஏற்றுமதித் தொழிலா வளந்துச்சு, கப்பல் படைக்கும் கரீபியன் தோட்டங்களுக்கும் போச்சு. செஞ்ச ஊர்க்காரங்களுக்கு அது கட்டுப்படியாகாது, அவங்க வீட்ல விசேஷ நாள் சாப்பாடு உப்புப் பன்னிக்கறியும் முட்டைகோஸும்தான். அமெரிக்காவுக்குப் போன ஐரிஷ்காரங்க நியூயார்க்ல யூதர் கறிக்கடையில மலிவா கிடைச்ச மாட்டுக்கறிய அதுக்கு பதிலா போட்டு வேகவச்சாங்க, அயர்லாந்தோட காவல் புனிதர் திருநாளான செயின்ட் பேட்ரிக்ஸ் டே சாப்பாடு அங்க இப்படித்தான் ஆச்சு. அது புலம்பெயர்ந்தவங்களோட உண்மையான பதார்த்தம், அத குறை சொல்ல எனக்கு மனசு வரல, அயர்லாந்து கிராமத்தோடதுன்னு சொல்றதுதான் தப்பு.

விரதமும் விசேஷமும்

கத்தோலிக்க வீடுகள்ல வெள்ளிக்கிழமை கறி கிடையாது. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துல பழைய முறைப்படி கறி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கிடையாது, கறுப்பு விரதம்னு பேரு. பாலே உயிரா இருந்த ஜனங்களுக்கு இது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க. அப்ப ஓட்ஸ் உமிய தண்ணியில நாள் கணக்கா ஊறப்போட்டு புளிச்ச வெள்ளைத் தண்ணிய பாலுக்கு பதிலா ஊத்திக்குவாங்க, அதுக்கு காளைமாட்டுப் பால்னு பட்டப்பேரு, நீராகாரம் குடிச்சு வளந்தவங்களுக்கு ருசி கொஞ்சம் பிடிபடும். தவக்காலம் தொடங்குறதுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை இருக்குற முட்டையும் பாலும் வீணாகாம பேன்கேக் ஆகிடும், ஈஸ்டர் அன்னிக்கு முட்டைய போட்டி போட்டு சாப்பிடுவாங்க.

ஹாலோவீன் சாப்பாட்ல கறி இல்லாததுக்கும் இதே காரணம்தான், அடுத்த நாள் சகல புனிதர் திருநாள்ங்கிறதால முந்தின நாள் விரதம். அதனால கோல்கேனன், அதாவது மசிச்ச கிழங்குல வெந்த கீரையோ முட்டைகோஸோ கலந்து நடுவுல குழி பறிச்சு வெண்ணெய் உருக விடுறது, பார்ம்ப்ராக்னு ஒரு திராட்சை ரொட்டி. ரொட்டிக்குள்ள மோதிரம், காசு, துணித்துண்டு எல்லாம் வைப்பாங்க, மோதிரம் கிடைச்சவருக்கு கல்யாணம், துணி கிடைச்சா வறுமை. வெண்ணெய வித்துட்டு வாழ்ந்த வீட்ல கிழங்கு நடுவுல வெண்ணெய் குளமா நிக்கிறதே திருவிழாதான், அத இன்னிக்கு ஓட்டல் தட்டுல பாக்குறவங்களுக்கு புரியாது.

டீயும் விருந்தாளியும்

டீ கிராமத்து வீடுகளுக்கு பரவலா வந்தது 19ம் நூற்றாண்டோட கடைசியில. இதுக்கு காசு எங்க இருந்து? கோழி வளப்பு பொம்பளைங்க கையில இருந்துச்சு, முட்டைய கடையில கொடுத்து டீத்தூளும் சர்க்கரையும் வாங்குவாங்க. இந்தியா, சிலோன் தோட்டத்து இலை, நம்ம ஜனங்க சிலோன் மலையில பறிச்சதும் அதுல இருக்கும். டீ மேல ஒரு எலி நடந்து போகலாம்ங்கிற அளவுக்கு அது கெட்டியா இருக்கணும்னு சொல்வாங்க. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல ரேஷன்ல ஒரு ஆளுக்கு வாரத்துக்கு 14 கிராம்னு குறைஞ்சப்போ ஜனங்க பட்ட பாட்ட பெரியவங்க ரொட்டித் தட்டுப்பாட்ட விட ஜாஸ்தியா சொல்வாங்க.

சாப்பாட்டு நேரத்துப் பேர்லயும் குழப்பம் வரும். கிராமத்துல டின்னர்னா மதியச் சாப்பாடு, அதான் பெருசு. டீன்னா சாயங்காலம் 6 மணி வாக்குல ரொட்டி, வெண்ணெய், முட்டையோட சாப்பிடுறது. பல வீட்ல ஆம்பளைங்க முதல்ல, பரிமாறின பொம்பளைங்க கடைசியில, இத எழுதாம விட்டா நியாயமில்ல. அறுவடை, கதிரடிப்புக்கு ஊரே கூடி உழைக்கிற மெஹல் நாள்ல அத்தன பேருக்கும் வயிறு நிறைய போடுறது அந்த வீட்டு அம்மாவோட மானப் பிரச்சனை. ஃபாதர் ஊருக்குள்ள ஒரு வீட்ல வந்து பூசை வைக்கிற நாளுக்கு ஸ்டேஷன்ஸ்னு பேரு, மாசக்கணக்கா வெள்ளையடிச்சு, அவருக்கு நல்ல பீங்கான் தட்டுல வேகவச்ச முட்டையோட தனி ரூம்ல காலைச் சாப்பாடு, ஊர்க்காரங்களுக்கு அடுப்படியில.

விருந்தாளியா போனா டீ வேணுமான்னு கேட்டதும் வேணும்னு சொல்லிடக் கூடாது. ஒண்ணு ரெண்டு தடவ வேணாம்னு சொல்லணும், அவங்க விடாம கேக்கணும், மூணாவது தடவ சரின்னு சொல்லணும். முதல் தடவையே எடுத்துக்கிட்டா அலைஞ்சு வந்த மாதிரி, கடைசி வரைக்கும் மறுத்தா வீட்ட அவமதிச்ச மாதிரி.

இதெல்லாம் எப்படி இவ்வளவு விவரமா கிடைக்குதுன்னா, 1937ல இருந்து 1939 வரைக்கும் அயர்லாந்து நாட்டுப்புறவியல் கமிஷன் பள்ளிக்கூடப் பசங்கள வீட்ல இருந்த தாத்தா பாட்டிகிட்ட கேட்டு எழுத வச்சுது, அதுல பழங்கால சாப்பாடுன்னே தனி தலைப்பு. அந்த நோட்டுகள் இப்ப ஆன்லைன்ல கையெழுத்தோடவே இருக்கு. அதுலயும் மத்த வாய்மொழிக் கதைகள்லயும் திரும்பத் திரும்ப வர்ற ஒண்ணு "ஃபேர் கோர்த்தக்", பசிப்புல். சாதாரணமா நடந்து போற வழியில ஏதோ ஒரு துண்டு புல்லு மேல கால் வச்சா திடீர்னு கொடும்பசி வந்து ஆள் அங்கயே சுருண்டு விழுவான்னு நம்பிக்கை, பஞ்சத்துல செத்தவங்க விழுந்த எடம்னு பல பேர் சொல்வாங்க. அதனால வெளிய கிளம்புறவங்க பசி இல்லாட்டியும் பாக்கெட்ல ஒரு துண்டு ஓட்ஸ் ரொட்டிய போட்டுட்டுத்தான் வாசல தாண்டுவாங்க.